அப்பாவை ரீஹாப் சென்டரில் சேர்க்கலாமா, வீட்டுக்கே கூட்டிப் போகலாமா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கிராமம், நாலு ஏக்கர் நிலம், இந்த வருடம் வரை அவரே வயலில் இறங்கியவர். சம்பா நடவு முடிந்த மறுவாரம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா பயந்துபோய்ப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டி, அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் வைத்தியம் பார்ப்பவரிடம் கொண்டுபோய், எல்லாம் முடிந்து தஞ்சாவூர் வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. நடுவில் ரயில்வே கேட் வேறு. அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், அந்த நேரம் போயே போய்விட்டது. சரி, இனி அதைப் பேசி என்ன.

இன்றோடு 16 நாள். உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். மூக்கில் குழாய், யூரின் பை இரண்டும் இருக்கின்றன. நாம் பேசுவது புரிகிறது, ஆனால் பதில் வரவில்லை. எதைக் கேட்டாலும் "ஆமா ஆமா" என்கிறார், வேண்டாம் என்பதற்கும் ஆமாதான், அப்புறம் அவருக்கே கோபம் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெரிய டாக்டர், "ஒன்றிரண்டு மாதம் ஏதாவது ரீஹாப் சென்டரில் வைத்துப் பாருங்கள், வீட்டுக்குப் போனால் படுத்தே கிடப்பார்" என்றார்.

நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அண்ணன் சிங்கப்பூரில். அம்மாவுக்கு 64, முட்டிவலி, அப்பாவைத் தூக்கிப் புரட்ட அவரால் ஆகாது. பெரியப்பாவோ, "பெற்ற பிள்ளைகள் ரெண்டு பேர் இருக்கும்போது அவனை ஹோமில் கொண்டு போய்த் தள்ளுவதா, ஊர் சிரிக்கும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தம் போட்டுவிட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த மாதிரி இடத்தில் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? சாப்பாடு ஊட்டுவது, மலஜலம் சுத்தம் செய்வது யார்? அம்மா கூட இருக்க விடுவார்களா? நல்ல இடம், மோசமான இடம் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? வாசலில் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்.

---

டபரா செட்:

வணக்கம் தங்கச்சி. நான் கும்பகோணம். போன வருடம் என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதும் ஏழு வாரம் இப்படி ஓர் இடத்தில்தான் இருந்தார். பெயர் சொல்லவில்லை, நல்லதும் கெட்டதும் சொல்லப் போகிறேன் என்பதால்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கிற பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி. ஹோம் என்றால் முதியோர் இல்லம். நீங்கள் கேட்பது இரண்டும் இல்லை. சில வாரம் இருந்து, பயிற்சி எடுத்து, வீட்டுக்குத் திரும்பி வருகிற இடம். உங்கள் பெரியப்பாவுக்கு இதை மட்டும் புரியவைத்தால் பாதி சண்டை அடங்கும். என் மாமாவிடம் நான் "அம்மா ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், நடக்கப் பழகுகிறார்" என்று சொன்னேன், வாயை மூடிக்கொண்டார்.

அன்றாடம் எப்படி இருந்தது என்றால், காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுவார்கள். டயாப்பர் மாற்றி, ஈரத் துணியால் உடம்பு துடைத்து, காபி. (காபி என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் அம்மா அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.) ஏழரைக்கு நர்ஸ் வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார். எட்டுக்கு இட்லி, பத்து மணிக்கு பிசியோ, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நாலு மணிக்கு மறுபடி பிசியோ, அஞ்சுக்கு மேல் சக்கர நாற்காலியில் வெளித் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார வைப்பார்கள். ஏழு மணிக்கு ராச்சாப்பாடு, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இதில் யாரும் சொல்லாத விஷயம், மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை. அதுதான் கொடுமை. தூக்கமும் வராது, பேச ஆளும் இருக்காது, டிவியில் யாரோ வைத்த சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் அம்மா அந்த நேரத்தில்தான் போன் போட்டு அழுவார். நான் ஒரு சின்ன ரேடியோ வாங்கிக் கொடுத்தேன், திருச்சி வானொலி கேட்க ஆரம்பித்தார், அப்புறம் பக்கத்துக் கட்டில் பாட்டியும் பழக்கமாகிவிட்டார், பாபநாசத்துக்காரர், மூன்றாவது வாரம் இரண்டு பேரும் சேர்ந்து சமையல்காரரைத் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். அதோடு எனக்குக் கவலை விட்டது.

குறை என்று பார்த்தால், கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்ததாக அதில் நேரம் போட்டுக் கையெழுத்து இருக்கும். ஒரு நாள் சொல்லாமல் நாலரைக்குப் போய் நின்றேன். ஆறு மணிக் கட்டத்திலும் எட்டு மணிக் கட்டத்திலும் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது, ஒரே பேனா, ஒரே மை. அம்மாவுக்கு அடிமுதுகில் தோல் சிவந்திருந்தது. கத்தினேன். அன்று மாலையே காற்று மெத்தை வந்தது, அதற்கப்புறம் ஒழுங்காகப் பார்த்தார்கள். எங்கள் நல்ல காலம், புண்ணாகவில்லை.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொல்வதில் படுக்கையும் சாப்பாடும் நர்சும் மட்டும்தான் அடங்கும். டயாப்பர், மருந்து, காற்று மெத்தை வாடகை, இரண்டாவது வேளை பிசியோ, டாக்டர் வந்து பார்த்தால் அதற்குத் தனி, எல்லாம் சேர்ந்து எங்களுக்குச் சொன்னதில் ஒன்றரை மடங்கு ஆனது. சேரும்போதே எது உள்ளே, எது வெளியே என்று எழுதி வாங்குங்கள். ஆபரேஷனுக்குக் கைகொடுத்த காப்பீட்டு அட்டை இந்த ஏழு வாரத்துக்குச் செல்லவில்லை, எல்லாம் கைக்காசுதான்.

---

ஊன்றுகோல்:

தஞ்சாவூரில் இப்படியான ஒரு சென்டரில் பிசியோவாக இருக்கிறேன். எங்கள் இடத்துக்கு ஆள் பிடிக்க வரவில்லை, அதனால் இடத்தின் பெயர் கேட்க வேண்டாம்.

அக்கா, உங்கள் அப்பா விஷயத்தில் முக்கியமானது காலம். பக்கவாதத்தில் திரும்பி வருகிற வலு பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக வரும். ஆறு மாதத்துக்கு அப்புறமும் வரும், ஆனால் மெதுவாக. அதனால் "பொங்கல் முடியட்டும், தை பிறந்ததும் சேர்க்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இங்கே மாதா மாதம் யாராவது ஒருவர் அப்படித் தாமதமாக வந்து நிற்கிறார்.

நல்ல இடம் எது என்று கேட்டீர்கள். கட்டடத்தையும் ஏசியையும் பார்க்காதீர்கள். சேர்ந்த அன்றே உட்கார வைத்து, தானாகச் சாப்பிட முடிகிறதா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடிகிறதா, கழிப்பறை, குளியல், படியேறுவது என்று பத்து விஷயத்துக்கு மார்க் போட வேண்டும். பார்த்தெல் என்று அதற்கு ஒரு அளவு இருக்கிறது, மொத்தம் 100. முதல் நாள் எவ்வளவு, இரண்டு வாரம் கழித்து எவ்வளவு என்று கேளுங்கள். "நல்லா இம்ப்ரூவ் ஆகுறார்" என்று மட்டும் சொல்லி நம்பரைச் சொல்லத் தடுமாறினால் அங்கே கைகாலை நீட்டி மடக்கி விடுவதோடு சரி, பயிற்சி நடக்கவில்லை என்று அர்த்தம். பிசியோ யார், என்ன படித்தவர் என்றும் கேளுங்கள். நாங்கள் நாலரை வருடம் படித்துவிட்டு வருகிறோம், சில இடத்தில் மசாஜ் செய்கிற ஆளையே பிசியோ என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று, இது வீட்டுக்குப் போனாலும் பொருந்தும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள்மூட்டைப் பிடித்திருக்கிற தசை இப்போது செத்த மாதிரி கிடக்கும், இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், அப்புறம் வலியில் அவர் கையையே தொட விட மாட்டார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பாசத்தில் செய்கிற முதல் வேலையே இதுதான். உட்காரும்போது அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள், தொங்க விடாதீர்கள். பாதம் முன்பக்கமாகத் தொங்குகிறதா என்றும் பாருங்கள், அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை உண்டு, சீக்கிரம் போட்டால்தான் நல்லது.

பேச்சுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். டெல்டாவில் அவர்கள் குறைவு. பல இடத்தில் போர்டில் பெயர் இருக்கும், ஆளைக் காண முடியாது. பேச்சு மட்டுமில்லை, விழுங்கப் பழக்கி மூக்குக் குழாயை எடுக்க வைப்பதும் அவர்கள் வேலைதான்.

---

கொரடாச்சேரி பெரியவர்:

நான் வேறு கட்சி. என் மனைவிக்கு இதே நோய், இதே வலது பக்கம். எங்கேயும் சேர்க்கவில்லை, வீட்டில்தான் வைத்துப் பார்த்தேன், இன்றைக்குக் கொல்லைக்குத் தானே நடந்து போய் வருகிறாள்.

ஆனால் வீடு என்றால் வீட்டை அதற்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டுமம்மா. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலைப்படி முழங்கால் உயரம் இருக்கும், கழிப்பறை கொல்லைக் கோடியில், அதுவும் குத்துக்காலிடுகிற மாதிரி. நான் திண்ணைப் பக்கத்து அறையைக் காலி செய்து, கட்டிலின் காலை அறுத்து உயரம் குறைத்தேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், அதுதான் கணக்கு. பக்கத்திலேயே ஓட்டை நாற்காலி, சுவரில் இரும்புக் குழாய். கொத்தனாருக்கு மூன்று நாள் வேலை.

மாத்திரையும் பிசியோவும் அரசாங்கத்திலேயே வீட்டுக்கு வருகிறது, மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தார்களே, அதில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிந்தேன். தினமும் வர மாட்டார்கள், அதை எதிர்பார்க்கக் கூடாது, வந்த அன்று சொல்லிக் கொடுத்ததை மற்ற நாளில் நான் செய்ய வைப்பேன். ஏஜென்சி மூலமாக ஒரு பெண்ணையும் வேலைக்கு வைத்தோம். நல்ல பிள்ளைதான், பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்த இருபது நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கு உடம்பில் தெம்பு இருந்தது, சமாளித்தேன். உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி என்கிறீர்கள். அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

---

நைட் டூட்டி:

நான் ஸ்டாஃப் நர்ஸ், பதினோரு வருடமாக இந்த மாதிரி இடங்களில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன எல்லாரும் பகலைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

இரவு பத்து மணிக்கு அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை பேஷண்ட், எத்தனை நர்ஸ், எத்தனை ஆயா. 30 பேஷண்டுக்கு ஒரு நர்சும் இரண்டு ஆயாவும் என்றால், நாங்கள் மனிதர்கள்தானே, எப்படி இரண்டு மணிக்கு ஒரு தரம் எல்லாரையும் புரட்ட முடியும்? டபரா செட் அண்ணன் கண்ட அட்டைக் கதை எனக்கு ஆச்சரியமே இல்லை. நியாயம் என்று சொல்ல வரவில்லை, தப்புதான். எங்கே ஆள் குறைவோ அங்கே பேனாதான் வேலை செய்யும். முடிந்தால் ஒரு தடவை ராத்திரி எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை அடிக்கிறதா, கூப்பிடு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது, அது போதும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் பாருங்கள், காற்று மெத்தைக்கும் சளி எடுக்கிற மெஷினுக்கும் கரண்ட் வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: சுத்தம் செய்வது, டயாப்பர் மாற்றுவது ஆயாக்கள். குழாயில் ஊற்றுவது நர்ஸ். ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்த்தி இருக்க வேண்டும், ஊற்றி முடித்து அரை மணியாவது அப்படியே உட்கார்ந்த வாக்கில் வைக்க வேண்டும், உடனே படுக்க வைத்தால் மேலே ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். கூட ஒருவர் தங்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், எங்கள் இடத்தில் பகலில் விடுகிறோம்.

மேடம், ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன். வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று நாங்கள் சொல்கிற வரைக்கும் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. போன மாசியில் ஒரு தாத்தாவுக்கு அவர் தங்கை பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, நாங்கள் அந்தப் பக்கம் போன நேரத்தில் ஒரு வாய் கொடுத்துவிட்டார். பாவம், அண்ணன் காபி கேட்டாராம். மூன்றாம் நாள் நிமோனியா, திரும்ப ஐசியூ. விழுங்கத் தெரியாதவருக்குக் கெட்டியான கஞ்சியை விடத் தண்ணீரும் காபியும்தான் ஆபத்து, அது பலருக்குத் தெரிவதில்லை.

அப்புறம் ஒரு தாளில் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதிக் கட்டிலில் ஒட்டுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், என்ன தொழில், எந்தக் கையால் சாப்பிடுவார், என்ன பிடிக்காது, எதற்குச் சிரிப்பார். எங்களுக்கு அவர் "7ஆம் நம்பர் ஸ்ட்ரோக்" என்றுதான் வருகிறார். பேச முடிகிறவர் என்றால் தானே சொல்லிவிடுவார். உங்கள் அப்பாவால் சொல்ல முடியாதே.

---

அரசலாறு 612:

சேர்க்கிற இடம் பதிவு செய்த இடமா என்று பாருங்கள், சான்றிதழை வரவேற்பிலேயே மாட்டியிருக்க வேண்டும். எங்காவது முதியவர்களைச் சரியாக நடத்தவில்லை என்றால் 14567 என்று மூத்த குடிமக்களுக்கான உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. அவ்வளவுதான், மற்றதெல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள்.

---

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. அஞ்சு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மூன்று இடம் பார்த்தோம். ஒன்றில் மார்க் பற்றிக் கேட்டதும் மேனேஜர் தண்ணீர் குடிக்கப் போனார். இன்னொன்றுக்கு ராத்திரி போனோம், நைட் டூட்டி சொன்ன வாடை வாசலிலேயே வந்தது, ஆனால் பகலில் அங்கே ஊதுபத்தி மணம்தான்! மூன்றாவதில் கட்டடம் பழசு, மின்விசிறிகூடச் சத்தம் போடும், ஆனால் சேர்ந்த அன்றே 15 மார்க் என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். அங்கேதான் சேர்த்தோம். அம்மா பக்கத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் போய் மாலையில் வருகிறார். டபரா செட் அண்ணன் சொன்ன ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் அம்மாதான் அங்கே காவல். சிவந்த தோல் எதுவும் இல்லை. பில் விஷயத்திலும் நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது, கேட்டு எழுதி வாங்கியும் டயாப்பர் கணக்கில் ஒரு சண்டை.

இப்போது 45 மார்க். யூரின் பை போய்விட்டது. மூக்குக் குழாய் போன வாரம் எடுத்தார்கள், கெட்டிக் கஞ்சி, மசித்த சாதம் இறங்குகிறது. கையில் நாலு கால் கம்பும் பக்கத்தில் ஒரு ஆளுமாகப் பத்தடி நடக்கிறார். கை இன்னும் அப்படியேதான், விரல் மட்டும் லேசாக மடங்குகிறது. கொரடாச்சேரி ஐயா, நீங்கள் சொன்ன கட்டில் கணக்கை வைத்து இங்கே கொத்தனார் வேலையும் நடக்கிறது.

பேச்சைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஸ்பீச் தெரபிக்கு வாரம் மூன்று நாள் ஒரு பெண் வருகிறார், சென்னையில் வளர்ந்தவர். எண்ண வைப்பதுதான் பயிற்சி, பேச்சு போனவர்களுக்கும் எண்ணுவது, பாட்டு, சாமி சுலோகம் மாதிரி பழகினது தானாக வரும் என்றார். ஒன்று இரண்டு மூன்று சொல்லுங்கள் என்றால் அப்பா உதட்டைக் குவித்துக்கொண்டு "லா... லா..." என்று இழுக்கிறாராம், அப்புறம் "ரெண்டு" மட்டும் சரியாக வருகிறது. அந்தப் பெண் நோட்டில் ஒன்றுக்கு எதிரே தப்பு என்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நாலாவது நாள் அம்மா உள்ளே இருந்தபோது அப்பா "லாபம்" என்று முழுசாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டதாம். "தப்பு இல்லைம்மா, அவர் நெல் அளக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். களத்தில் முதல் மரக்காலை யார் ஒன்று என்று சொல்வார்கள்? லாபம், ரெண்டு, மூணு என்றுதானே. தாளில் நான் விவசாயி என்று எழுதியிருந்தேன், இதை எழுதத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஊரிலிருந்து ஒரு மரக்காலும் அரை மூட்டை நெல்லும் போய்ச் சேர்ந்தன. இடது கையால் அள்ளிப் போட்டு, வலது கையை பிசியோ பிடித்துக்கொள்ள, நேற்றுப் பதினொன்று வரை வந்திருக்கிறார். தாழ்வாரம் பூரா நெல் சிந்திக் கிடக்கிறது என்று ஆயாம்மா கோபமாக இருக்கிறார்கள்.

பெரியப்பா நேற்று முதல் தடவையாக வந்து பார்த்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாராம், அந்த மரக்கால் அவர் பங்கில் வந்ததாம், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று.